பறக்கவிட்டவர் பெயர்

ட்ரோன் தன் முகத்தை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றால் வலது இடதாகிவிடும், இடது வலதாகிவிடும். இதை என் கணவர் ஷிராஸ் எனக்கு நூறு தரமாவது சொல்லியிருப்பார். எனக்கு எரிச்சல் வரும். சோதனைக்குரிய புத்தகத்தை வரிக்கு வரி வாசித்து அவருக்கு விளங்கப்படுத்தியவளே நான். அவர் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவர்.

"றிஸ்மினா, கண்ணாடிக்கு முன்னால நிண்டு தலை இழுக்கிறாய்தானே, அதை நினைச்சுக்கொள். சீப்பு எந்தப் பக்கம் போகுது?"

"என்ட கை போற பக்கம் போகுது. நீங்க உங்கட எட்டைப் பாருங்கோ. பூசணிக்காய் மாதிரி இருக்கு."

எட்டு என்பது வானத்தில் எட்டு இலக்கத்தைப் போல ட்ரோனை வளைத்து ஓட்டிக் காட்டுவது. பறப்புச் சோதனையில் அது ஒரு பாடம். இன்னொரு பாடம், ட்ரோனின் முகம் எங்களைப் பார்க்கும்படி திருப்பி, அந்தரத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்துவது. அவருக்கு எட்டு வராது. எனக்கு முகம் வராது. அதை வைத்து அவர் என்னைக் கேலி செய்வார், நான் அவரைக் கேலி செய்வேன். கல்யாணம் முடித்து ஆறு வருடத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு சிரித்த காலம் வேறு இல்லை.

எங்கள் கொண்டச்சிக் கமக்காரர் சங்கத்துக்கு வயலுக்கு மருந்தடிக்கிற பெரிய ட்ரோன் ஒன்று கிடைத்திருந்தது. பழகுவதற்கென்று கூடவே ஒரு சின்ன ட்ரோன். பெரியதை இயக்க வேண்டுமென்றால் ஊரில் ஒருவராவது சோதனை பாஸ் பண்ணிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பெரும்போக விதைப்புக்கு முன்னர் எடுக்காவிட்டால் அது வேறு ஊர்ச் சங்கத்துக்குப் போய்விடும். சங்கச் செயலாளர் ஹில்மி விண்ணப்பத்தில் எங்கள் இருவர் பெயரையும் போட்டார். பறக்கவிடுபவர் ஷிராஸ். பக்கத்தில் நின்று ட்ரோனையும் சுற்றுப்புறத்தையும் கவனித்து, ஆபத்து வந்தால் குரல் கொடுக்கும் பார்வையாளர் நான். முதலாமவர் வர முடியாவிட்டால் இரண்டாமவர் சோதனைக்குத் தோற்றலாம் என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு பறப்புக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். திகதி, எத்தனை நிமிடம், பறக்கவிட்டவர் பெயர், பார்வையாளர் பெயர். ஷிராஸின் எழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும் என்பதால் எழுதுகிற வேலை என்னுடையது.

என் மாமனார் மஹ்மூது எங்கள் பள்ளிவாசலில் மரைக்காராக இருப்பவர். பள்ளிவாசலின் பொதுச் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். ஒரு பிளாஸ்டிக் கதிரை குறைந்தாலும் ஊர் முழுக்கத் தேடுவார். ட்ரோனை முதல் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோதே அவர் ஷிராஸுக்கு ஏசத் தொடங்கிவிட்டார்.

"இது சங்கத்துச் சாமான். ஊர்ச் சொத்து. ஒரு கீறல் விழுந்தாலும் மறுமையில நீதான் பதில் சொல்ல வேணும். உனக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓடத் தெரியாது."

முப்பத்தொரு வயது மனிதர், தாடி வைத்த மனிதர், வாப்பாவுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். வாப்பா போனதும் எனக்குக் கண்ணடிப்பார்.

பெப்ரவரியில் ஒரு நாள் பிற்பகல், அஸர் தொழுகைக்குச் சற்று முன், குளக்கட்டில் பழகிக்கொண்டிருந்தோம். அவர் எட்டுப் போட்டுக் களைத்துவிட்டார். ரிமோட்டைத் தரச்சொல்லிக் கேட்டேன். பார்வையாளரிடம் அதைக் கொடுக்கக்கூடாது என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். நான் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். இதை மறைக்க எனக்கு இனிமேல் ஒரு தேவையும் இல்லை.

ட்ரோனின் முகத்தை எங்கள் பக்கம் திருப்பினேன். காற்று அதை இடப்பக்கம் தள்ளியது. வலப்பக்கம் எடுக்க நினைத்து வலப்பக்கம் இழுத்தேன். அது இன்னும் இடப்பக்கம் போனது. பதறிப்போய் இன்னும் பலமாக இழுத்தேன். குளக்கட்டு மருதமரத்தின் உச்சிக் கொப்புகளுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

ஷிராஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ட்ரோனைக் கையில் எடுத்தும்விட்டார். எடுத்து, உயர்த்தி எனக்குக் காட்டினார். அவர் கால் வைத்திருந்தது பட்டுப்போன கொப்பு. மேலே நின்றவருக்கு அது தெரியவில்லை, கீழே நின்ற எனக்குத் தெரிந்தது. நான் பார்வையாளர். குரல் கொடுத்திருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் கொப்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையே இருக்கவில்லை.

ஓடிவந்தவர்கள் என்ன நடந்தது என்று கேட்டார்கள். ட்ரோன் மரத்தில் மாட்டிக்கொண்டது, எடுக்க ஏறினார் என்றேன். பறக்கவிட்டது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? சோதனைக்குப் பழகியவர் அவர். நான் பொம்பிளை, பக்கத்தில் நின்றவள்.

எங்கள் ஊரில் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்குவதற்கு முன் வீட்டு ஆண் ஒருவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து, மௌத்தானவருக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார். இவர் உங்களுக்கு ஏதும் பிழை செய்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று இரண்டு வார்த்தை சொல்வார்கள், அவ்வளவுதான். நான் உள்ளே அறையில் இருந்தேன். முற்றத்தில் மாமாவின் குரல் கேட்டது. அந்தக் குரல் நடுங்கவில்லை. பள்ளிவாசலில் அறிவித்தல் சொல்கிற அதே குரல்.

"என்ட மகன் ஷிராஸ் ஆருக்கும் ஏதும் பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சங்கத்துச் சாமானைக் கவனமில்லாமப் பாவிச்சு உடைச்சுப்போட்டான். சங்கத்து ஆக்கள் எல்லாரும் இஞ்ச நிக்கிறீங்கள். அதையும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்தப் பாரத்தோட அவனை அனுப்பாதேங்கோ."

"மன்னிச்சிட்டம், மன்னிச்சிட்டம்" என்று எல்லா ஆண்களும் சொன்னார்கள். நான் எழுந்து கதவைத் திறந்து, அது அவரில்லை நான் என்று கத்தியிருக்கலாம். எழுந்தேன். மாமி பரீனா நான் மயங்கி விழப்போகிறேன் என்று நினைத்து என்னைப் பிடித்து உட்காரவைத்தார். உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியாதது அப்படி உட்கார்ந்துவிட்டதைத்தான்.

மூன்றாம் நாள் ஹில்மி பதிவேட்டைக் கேட்டு ஆளனுப்பினார். மேலே அறிவிக்க வேண்டுமாம். விபத்து நடந்த பதினெட்டாம் திகதி வரி வெறுமையாக இருந்தது. எழுதினேன். நிமிடம்: நாலு. பறக்கவிட்டவர்: ஷிராஸ். பார்வையாளர்: றிஸ்மினா. குறிப்பு: விபத்து. என் எழுத்து எப்போதும் போல அழகாகவே இருந்தது.

கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டுப் போகாமல், பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். இத்தா என்பது அதைத்தான். வெள்ளை உடுத்துக்கொண்டு அறைக்குள் இருந்தேன். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் மாமா முற்றத்தில் இருந்து கதைப்பது எல்லாம் ஜன்னலால் கேட்கும்.

"கவனமில்லாதவன். சின்ன வயசில இருந்தே அப்பிடித்தான். நான் எவ்வளவு சொன்னனான், கேட்டானா?"

ஒவ்வொரு நாளும் இதே கதை. வருகிறவர் யாராக இருந்தாலும் இதே கதை. முதலில் எனக்கு ஆத்திரம் வந்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு மனிதன் இப்படியா பேசுவான்? பிறகுதான் விளங்கியது. பிள்ளை போனதற்கு ஒரு காரணம் அவருக்குத் தேவையாக இருந்தது. காரணம் இல்லாமல் அவரால் எழும்பித் தொழக்கூட முடிந்திருக்காது. அந்தக் காரணத்தை அவர் கையில் கொடுத்தவள் நான்.

ஒரு மாதம் போனது. அந்தச் சின்ன எழுத்து வரியை ஹில்மி கண்டுபிடித்து, ஷிராஸுக்குப் பதிலாக என்னைச் சோதனைக்கு வரச்சொல்லிக் கேட்டனுப்பினார். எனக்குப் பதிலாக மாமாவே மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்று நம்பியிருந்தேன். அவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"சோதனை ஜூலை மாசத்துக்குப் பிந்திப் போயிருக்குதாம். உன்ட இத்தா முடிஞ்சு பத்துப் பன்ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருது. வீட்டு வளவுக்குள்ள பழகலாமெண்டு மௌலவியும் சொல்லிட்டார். நீ போ மகள்."

"எனக்கு ஏலாது மாமா."

"ஏலும். அவன் கவனமில்லாம விட்டதை நீ கவனமாச் செஞ்சு காட்டு. அவன்ட வீட்டில இருந்து ஒரு ஆள் இதை ஒழுங்காச் செஞ்சா அவன்ட பேர் கொஞ்சமெண்டாலும் மீளும்."

மாட்டேன் என்று சொல்வதற்குக் காரணம் வேண்டும். காரணத்தைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஓம் என்றேன்.

பழகுவதற்கும் பார்வையாளர் வேண்டும். பிற ஆண்கள் வளவுக்குள் வர ஏலாது. மாமிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. மருமகளுக்கு மாமனார் பிற ஆள் இல்லை. ஆகவே ஷிராஸுக்குப் பக்கத்தில் நான் நின்ற இடத்தில், எனக்குப் பக்கத்தில் அவருடைய வாப்பா வந்து நின்றார்.

விழுந்ததில் உடைந்த காற்றாடிகளையும் அவற்றைத் தாங்கும் கையையும் மாற்றிய அதே ட்ரோன்தான். முதல் நாள் பெட்டியைத் திறந்தவள் அதைத் தொடாமலேயே மூடிவிட்டேன். மாமா தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிறகு நாலு பெயின்ற் தகரங்களை அளந்து நாலு மூலையில் வைத்து, நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். தினமும் அஸர் தொழுதுவிட்டு வருவார். தொப்பிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு ட்ரோனை விட்டுக் கண் எடுக்காமல் நிற்பார். காகம் வந்தால் சொல்வார். காற்று மாறினால் சொல்வார். பதிவேட்டில் பார்வையாளர் என்ற இடத்தில் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைப்பார். அவரைப்போல ஒரு பார்வையாளரை நான் கண்டதில்லை. நான் அப்படி நின்றிருந்தால் ஷிராஸ் இருந்திருப்பார்.

ட்ரோனை முகம் பார்க்கத் திருப்புகிறபோதெல்லாம் என் விரல் விறைத்துவிடும். அது தவறான பக்கம் சரியும். மாமா உடனே சொல்வார்.

"இதிலதான் மகள் அவன் பிழை விட்டிருப்பான். பாத்தியா? பதறி எதிர்ப்பக்கம் இழுத்திருப்பான்."

புத்தகத்தை ஹில்மியிடம் வாங்கி அவரும் வாசித்திருந்தார். மகன் எந்த நொடியில் என்ன பிழை விட்டான் என்று அவருக்கு மனப்பாடம். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. விரல் எப்படிப் போயிருக்கும், காற்று எந்தப் பக்கத்தால் வந்திருக்கும், எத்தனை அடியில் சரிந்திருக்கும் எல்லாம் சரி. ஆள் மட்டும் பிழை.

நோன்பு வந்தது. நோன்போடும் பழகினேன். பெருநாள் வந்தது. அந்த வருடப் பெருநாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் திடீரென்று என் கைக்கு அது பிடிபட்டுவிட்டது. முகம் என்னைப் பார்த்தபடி ட்ரோன் சுண்ணாம்பு வட்டத்துக்கு மேலே ஆணி அடித்தது போல நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இறக்கி வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீ எவ்வளவு கவனம், மகள். அவனுக்கு இந்தக் கவனத்தில காவாசி இருந்திருந்தா..."

அன்றைக்குச் சொல்லிவிட நினைத்தேன்.

"மாமா, அண்டைக்கு குளக்கட்டில..."

"வேணாம்." கையைக் காட்டி நிறுத்தினார். "அண்டையப் பத்தி நீ ஒண்டும் சொல்லாத. எனக்கு விளங்கும். அவனைக் குறை சொல்ல உனக்கு மனம் வராது. புருசன்தானே."

பெருமூச்சு விட்டுக்கொண்டு பற்றரியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு நான் இன்னொரு தரம் முயற்சி செய்யவில்லை. கோழை என்று என்னை யாராவது சொன்னால் ஓம் என்றுதான் சொல்வேன்.

சோதனை கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்தில், ஒரு தரிசு வயலில். மாமாவின் பழைய மோட்டார் சைக்கிளில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் இருந்து போனேன். நாலரை மாதத்துக்குப் பிறகு ஊரைத் தாண்டுகிறேன். வழியெல்லாம் சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. அந்தக் காற்றில் ட்ரோனைப் பிடிப்பது கஷ்டம் என்று மாமாவுக்குக் கவலை. எனக்கு வேறு கவலை. பாஸ் பண்ணிவிடுவேனோ என்று பயந்துகொண்டு போனேன். பாஸ் பண்ணினால் ஊர் முழுக்க, கவனமில்லாத புருசன், கவனமான பெண்சாதி என்று பேசும். ஷிராஸின் பெயருக்கு மேல் கடைசி மண்ணையும் நானே அள்ளிப்போட்டவளாவேன்.

பரீட்சகர் கொழும்பிலிருந்து வந்தவர். தமிழ் நன்றாகப் பேசினார். பறப்புக்கு முந்திய பரிசோதனை, ஏற்றம், சதுரம், எட்டு, இறக்கம் என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். செய்தேன். எட்டைப் போட்டபோது, இதைப் பார்த்தால் ஷிராஸ் பொறாமையில் செத்துவிடுவார் என்று என்னையறியாமல் நினைத்தேன். நினைத்த பிறகுதான் என்ன நினைத்தேன் என்று உறைத்தது. கடைசியாக முகம் பார்க்க நிறுத்தச் சொன்னார். காற்று தள்ளத் தள்ள விரலால் தாங்கிக்கொண்டு நிறுத்தினேன். பரீட்சகர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பக்கத்தில் மாமா மெல்லிய குரலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றது கேட்டது.

மேசை போட்டிருந்த மர நிழலுக்குப் போனோம். அவர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"பெப்ரவரி பதினெட்டு. நாலு நிமிஷம். விபத்து. பறக்கவிட்டவர் ஷிராஸ், பார்வையாளர் நீங்கள்."

"ஓம் சேர்."

"செயலாளர் விஷயத்தைச் சொன்னார். எனக்கும் கவலையாக இருக்கிறது. ஆனால் விபத்து ஒன்று பதிவில் இருந்தால் நான் கேட்காமல் விட முடியாது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தவர். அவர் எங்கே பிழை விட்டார் என்று சொல்லுங்கள். அதோடு உங்கள் சோதனை முடிந்துவிடும்."

நான் பதிவேட்டில் இருந்த என் எழுத்தைப் பார்த்தேன். நான் துக்கத்தில் திணறுகிறேன் என்று மாமா நினைத்தார். எனக்கு உதவி செய்யத்தான் அவர் வாயைத் திறந்தார். அதில் சந்தேகமே இல்லை.

"அவ சொல்ல மாட்டா சேர், அவன் அவட புருசன். நான் வாப்பா, நான் சொல்றன். ட்ரோன்ட முகம் இஞ்சால பாத்துக்கொண்டு நிண்டிருக்கு. காத்து இடப்பக்கம் தள்ளியிருக்கு. என்ட மகன் யோசிக்காம வலப்பக்கம் இழுத்திருக்கான். கவனமில்லாத பிள்ளை சேர், அவன்..."

"அவரில்ல," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவரில்ல சேர். நான். அண்டைக்குப் பறக்கவிட்டது நான். கெஞ்சி ரிமோட்டை வாங்கினனான். வலப்பக்கம் இழுத்தது நான். அவர் பக்கத்தில சும்மா நிண்டவர். நான் கொண்டுபோய்ச் செருகினதை எடுக்கத்தான் அவர் ஏறினவர்."

பரீட்சகர் பேனையை மேசையில் வைத்தார்.

"இந்த வரியை எழுதினது?"

"நான்."

"தெரிந்தேயா இப்படி எழுதினீர்கள்?"

"ஓம்."

அவர் பதிவேட்டை மூடினார். நல்ல மனிதர். அவருக்கே அது கஷ்டமாக இருந்தது.

"இந்தக் காற்றில் நீங்கள் பறக்கவிட்ட மாதிரி இந்த வருடம் ஒருவரும் பறக்கவிடவில்லை. ஆனால் தெரிந்தே பொய் எழுதிய பதிவேட்டுக்குக் கீழே நான் கையெழுத்து வைக்க முடியாது, தங்கச்சி. நடந்ததை எழுதி அனுப்புகிறேன். உங்கள் விண்ணப்பம் இதோடு நிற்கும்."

பெரிய ட்ரோன் வேறு ஊருக்குப் போய்விடும் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குந்தியிருந்து, காற்றாடிகளை ஒவ்வொன்றாக மடித்து, துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு கீறல் விழவில்லை.

மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அருவியாற்றுப் பாலம் தாண்டியதும் மோட்டார் சைக்கிள் அவர் கைக்கு அடங்காமல் ஆடத் தொடங்கியது. ஓரம் கட்டி நிறுத்தினார். இறங்கி நாலடி நடந்து, வீதியோரத்து மதகுக் கட்டில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஏசுங்கோ மாமா," என்றேன். "அடிக்க வேணுமெண்டா அடியுங்கோ."

"உனக்கு ஏசி என்ன செய்ய?" அவர் குரலில் கோபமே இல்லை. "மண்ணுக்குள்ள வைக்கிறதுக்கு முன்னமே ஊருக்கு முன்னால என்ட பிள்ளையைக் குறை சொன்னன். வந்த ஆள் போன ஆள் எல்லாரிட்டயும் சொன்னன். நீ உள்ளுக்க இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய்."

"ஓம் மாமா."

"உசிரோட இருக்கிறவன் எண்டா காலைப் பிடிச்செண்டாலும் மன்னிப்புக் கேக்கலாம். மௌத்தானவனிட்ட எப்பிடி மகள் கேக்கிறது?"

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டி பக்கத்தில் கிடந்தது. இரண்டு பஸ்கள் எங்களைத் தாண்டிப் போயின. ஜன்னலால் ஆட்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டார். "அதை மட்டும் சொல்லு. அண்டைக்கே சொல்லியிருந்தா நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டன். ஏன் அவன் விட்டதெண்டு எழுதினாய்?"

பயம் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் இனி இவருக்கு ஒன்றையும் மறைப்பதில்லை என்று அந்த மர நிழலிலேயே நான் முடிவு எடுத்திருந்தேன். அதனால் முழுவதையும் சொன்னேன்.

ட்ரோன் மரத்தில் செருகியதும் நான் அழத் தொடங்கிவிட்டேன். ஷிராஸ் சிரித்தார். "விசரி, இதுக்கு ஆராவது அழுவாங்களா?" என்று என் முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டார். "வாப்பா கேட்டா நான் விட்டதெண்டு சொல்லு. அவர்ட ஏச்சு உனக்குத் தாங்காது. எனக்குப் பழகிட்டுது." அதைச் சொல்லிவிட்டுத்தான் சாரத்தை மடித்துக் கட்டினார். அவர் இந்த உலகத்தில் கடைசியாகப் பேசியது அதுதான்.

அதைக் கேட்டால் மாமாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன், பாருங்கள். அவருடைய மகன் எவ்வளவு நல்லவர், கடைசி நேரத்தில்கூட மற்றவருக்கு ஏச்சு விழக்கூடாது என்று நினைத்தவர் என்று அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். எவ்வளவு மூளை கெட்டவள் நான்.

"என்ட ஏச்சுக்கா?" என்றார் மாமா.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஷிராஸை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பி வந்த அன்றுகூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை.

"கடைசியா அவன்ட வாயில இருந்து வந்தது என்ட ஏச்சைப் பத்தின கதையா? என்ட பிள்ளை எனக்குப் பயந்துகொண்டா மேல ஏறினவன்? நான் அவனைக் கொஞ்சி ஒரு வார்த்தை சொல்லி எத்தனை வருசம், றிஸ்மினா? சின்னப் பிள்ளையில தூக்கினது, அதுக்குப் பிறகு ஏச்சுத்தானே. நான் அவன் நல்லா வரவேணுமெண்டுதானே ஏசினனான்."

தலையில் அடித்துக்கொண்டார். கையைப் பிடிக்கப் போனேன். அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது.

"பொய்யெண்டு சொல்லு மகள். நீ தப்புறதுக்காக இப்ப இட்டுக்கட்டிச் சொல்லுறாய்தானே? பொய்யெண்டு சொல்லு. அல்லாஹ்வுக்காகச் சொல்லு."

காலையில்தான் ஒரு உண்மையைச் சொல்லி எல்லாவற்றையும் இழந்திருந்தேன். இனிச் செத்தாலும் பொய் சொல்வதில்லை என்று இருந்தவளைப் பார்த்து இந்த மனிதர் கெஞ்சுகிறார். ஷிராஸ் எனக்கென்று விட்டுப்போன கடைசி நல்ல சொல் அது. அந்த நாலு மாதமும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் நித்திரைக்குப் போனேன். என் பக்கத்து நியாயம் என்று உலகத்தில் எனக்கு இருந்ததும் அது ஒன்றுதான்.

"ஓம் மாமா," என்றேன். "பொய். அவர் ஒண்டும் சொல்லேல்ல. ட்ரோனைப் பாத்தார், பேசாம ஏறினவர். பயத்தில நானாத்தான் அவர்ட பேரைப் போட்டனான்."

"ஒண்டும் சொல்லேல்ல?"

"ஒண்டும் சொல்லேல்ல."

"என்னைப் பத்தி?"

"உங்களப் பத்தி ஒரு கதையும் கதைக்கேல்ல மாமா."

அவர் என் கையை விட்டார். தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார், மூக்கைச் சிந்தினார். மூச்சு மெல்ல மெல்ல ஒழுங்காக வந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்தது. ஒரு ஆறுதலும் இருந்தது. எனக்கு இரண்டும் தெளிவாகத் தெரிந்தன.

"பொய்க்காரி," என்றார். "மௌத்தானவன்ட வாயிலயும் பொய்யை வைக்கிறாய்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து போய் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் செய்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.